ஜெபக்குறிப்பு என்ற பெயரில் தீர்ப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சபைகளில் கண்டிப்பே இல்லாமல் போய்விட்டது, எப்படி வாழ்ந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்றாகிவிட்டது, இரக்கம் இரக்கம் என்று பேசியே பாவத்தை வளர்க்கிறோம் என்று உங்கள் வாசகர் பகுதியில் ஒரு சகோதரர் எழுதியிருந்ததைப் படித்தேன். குடியால் குடும்பத்தைச் சீரழித்த ஒருவர் திருந்திவிட்டேன் என்று வந்து நின்றதும் அவரைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற சம்பவத்தையும் குறிப்பிட்டிருந்தார். மனம் நொந்துதான் எழுதியிருக்கிறார், அது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அவர் சொன்ன முக்கியமான விஷயத்தில் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தவரையில் நம் சபைகளில் கண்டிப்புக்குப் பஞ்சம் இல்லை. பிரசங்க பீடத்திலிருந்து வராவிட்டாலும் சபையார் நடுவில் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவர் சில வாரம் வரவில்லை என்றால் "பின்மாறிவிட்டார்". ஒரு பெண் கணவனைப் பிரிந்து வந்து நின்றால் "அவளும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்". பிள்ளை சொல்பேச்சு கேட்காமல் போனால் "வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை, அதான்". வேலை போனவரைப் பார்த்து "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தாரா?" குழந்தை இல்லாத தம்பதியிடம் என்னென்ன சொல்கிறார்கள் என்பதை எழுதவே மனம் வரவில்லை. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, பக்தி என்று நினைத்தே சொல்கிறார்கள், அதுதான் எனக்கு அதிக வேதனை.

சபைக்குப் போகிற யாருக்கும் புதிதாக இருக்காத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டு ஜெபக்கூட்டம் முடிகிற நேரம். "யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் வியாதிக்காகச் சொல்கிறார், இன்னொருவர் மகனுடைய பரீட்சைக்காக. அப்புறம் ஒரு அக்கா குரலைத் தாழ்த்தி, "நம்ம இன்னாருடைய மகளுக்காக ஜெபிச்சுக்கணும், விவரம் சொல்லக்கூடாது, ஆனா மனசுக்குப் பாரமா இருக்கு" என்கிறார். விவரம் சொல்லக்கூடாது என்றவுடனே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "ஏன்க்கா, உடம்புக்கு ஏதாவதா?" "உடம்புக்கு இல்ல." அவ்வளவு போதும். அந்தப் பெண் யாரோடு பேசினாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், அவள் அம்மா எவ்வளவு செல்லம் கொடுத்தாள் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடுகிறது. கடைசியில் கண்ணை மூடி உருக்கமாகவே ஜெபிக்கிறார்கள், சிலர் அழவும் செய்கிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் தாயோடு ஆராதனைக்கு வருகிறாள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தன்னைப் பார்க்கிற முகங்கள் மாறியிருப்பது தெரிகிறது. எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கிற பாட்டி இந்த வாரம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்கிறார். அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. விசாரணை நடந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது, அவளிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைத்தான் நான் தீர்ப்பு என்கிறேன். ஒருவர் செய்தது தப்பு என்று சொல்வது தீர்ப்பு அல்ல. தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் இல்லாத இடத்தில், அவர் பக்கத்தைக் கேட்காமல், இவர் இப்படிப்பட்டவர்தான் என்று முடிவுகட்டி, அந்த முடிவுக்கு ஏற்றபடி அவரோடு பழகுவதை மாற்றிக்கொள்கிறோமே, அதைத்தான் "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு தடுத்தார்.

அந்தச் சகோதரர் மத்தேயு 18-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தை எடுத்துக் காட்டியிருந்தார். சபைக்கும் செவிகொடாதவன் அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருக்கட்டும் என்கிற வசனம். ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன், அன்று ஊரார் வெறுத்து ஒதுக்கிய ஆள். சரி, ஆனால் 17-க்கு முன்னால் 15 இருக்கிறது. உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கும்போது அவனுக்கு உணர்த்து என்கிறது அது. அவன் கேட்கவில்லை என்றால்தான் இன்னும் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அப்போதும் கேட்கவில்லை என்றால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். நாம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதில் ஆரம்பிக்கிறோம், அதுவும் அந்த ஆள் இல்லாமல். தனியாகப் போய்ப் பேசுவதற்குத் தைரியம் வேண்டும். நாம் நினைத்தது தவறாக இருந்தால் அந்த இடத்திலேயே தலைகுனிய வேண்டியிருக்கும். ஜெபக்கூட்டத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கு அந்தத் தைரியமெல்லாம் தேவைப்படாது.

அதே அதிகாரத்தில் இந்த வசனங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முன்னால், நூறு ஆட்டில் ஒன்று தவறிப்போனால் மற்றதை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிற மேய்ப்பன். பின்னால், ஏழுதரமட்டுமோ என்று கேட்ட பேதுருவுக்கு ஏழெழுபதுதரமட்டும் என்ற பதில். அதற்கும் பின்னால் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை. கண்டிப்பைப் பற்றிய அந்தச் சில வசனங்களைத் தேடுகிற அன்புக்கும் மன்னிக்கிற அன்புக்கும் நடுவில் மத்தேயு வைத்திருக்கிறார். பழைய மரபுப்படி பார்த்தால் அந்தச் சுவிசேஷத்தை எழுதியவரே ஒரு ஆயக்காரர். இயேசு ஆயக்காரரை எப்படி நடத்தினார் என்பதற்கு மத்தேயுவின் வீட்டில் இயேசு உட்கார்ந்த பந்தியே சாட்சி. அப்படியானால் "ஆயக்காரனைப்போல" என்ற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால்கூட அவரை மறுபடி தேடிப் போகிற வேலை நமக்கு இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த உவமையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு வெள்ளிப்பணம், அதாவது ஒரு தெனாரியம், ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம், மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்துக் கூலி அதுதான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆக, பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் தீர்க்க 1,60,000 வருடத்துக்கு மேல் ஆகும். அதை ராஜா ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டார். வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணத்தை ஒன்றுமில்லாத சில்லறை என்றே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அப்படியில்லை, அது நூறு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேலான சம்பளத்தை ஒருவர் திருப்பித் தரவில்லை என்றால் எந்த ஏழை வீட்டிலும் அது வலிக்கத்தான் செய்யும். உனக்குச் செய்யப்பட்ட குற்றம் அற்பமானது, மறந்துவிடு என்று இயேசு சொல்லவில்லை. கடன் உண்மைதான், வலியும் உண்மைதான், ஆனாலும் நீ எந்த வாசலிலிருந்து வெளியே வந்தாய் என்பதை வைத்துத்தான் நீ பேச வேண்டும் என்கிறார். காயப்பட்டவரிடம் போய் "இதெல்லாம் ஒரு விஷயமா, மன்னிச்சிடுங்க" என்று லேசாகச் சொல்கிறவர்கள் இந்த உவமையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இரக்கம் என்றால் பாவத்துக்கு இடம்கொடுப்பது என்ற பயம் இன்று நேற்று வந்ததல்ல. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வேண்டும் என்று இயேசுவிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அவரோ அவளைத் தண்டிக்காமல் அனுப்பிவிட்டார், இந்தச் சம்பவம் யோவான் 8-இல் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் என்ற வேதக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் பகுதி இல்லை. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டின் இதற்குச் சொன்ன காரணம், விசுவாசத்தில் குறைந்த சிலர், தங்கள் மனைவிகளுக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துவிடுமோ என்று பயந்து, தங்கள் பிரதிகளிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள் என்பது. அந்தப் பகுதி விடுபட்டதற்கு அதுதான் காரணமா என்பதை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். ஆனால் இயேசுவின் இரக்கத்தைக் கண்டு சபைக்குள்ளேயே பயந்தவர்கள் அன்றும் இருந்தார்கள் என்பது அகஸ்டினின் வார்த்தையிலிருந்து தெரிகிறது.

அந்தச் சம்பவத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது, அந்த ஆண் அங்கே இல்லை. கையும் மெய்யுமாகப் பிடித்தோம் என்கிறார்கள், அப்படியானால் அவனும் இருந்திருக்க வேண்டும். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் லேவியராகமம் 20-ஆம் அதிகாரம் இருவரையும் தண்டிக்கத்தான் சொல்கிறது. நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியம் காட்டுகிறவர்களே நியாயப்பிரமாணத்தைப் பாதியாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நம் தீர்ப்புகளும் இப்படித்தான் எப்போதும் பலவீனமானவர் மேலேயே விழுகின்றன, பெண் மேல், ஏழை மேல், சபையில் செல்வாக்கு இல்லாத குடும்பத்தின் மேல். பெரிய காணிக்கை கொடுக்கிறவர் வீட்டில் அதே காரியம் நடந்தால் நமக்குப் பொறுமை எங்கிருந்தோ வந்துவிடுகிறது. கண்டிப்பு வேண்டும் என்கிற சகோதரர் இதையும் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் இயேசு அவளிடம் சொன்ன வரிசையும் முக்கியம். முதலில் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை", அதற்குப் பிறகுதான் "இனிப் பாவஞ்செய்யாதே". நாம் இதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். நீ திருந்திக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். சகேயு என்ற ஆயக்காரன் விஷயத்திலும் அப்படித்தான், இயேசு அவன் வீட்டுக்குப் போய்விட்டார், ஊரே முறுமுறுத்தது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது அவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான்.

சபை வரலாற்றிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள், சிலர் பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். ரோமில் நோவேஷியன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அவர்களுக்கு இனி இடமே இல்லை என்றார்கள். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் சபையின் ஆயர் சிப்ரியானும் அவரோடு இருந்தவர்களும் 251-இல் கூடி, ஒவ்வொருவர் விஷயமாகப் பார்த்து, மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்து, திரும்ப வர வழி விட்டார்கள். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், நோவேஷியன் பிரிவிலிருந்து திரும்பி வருகிற குருக்கள் விழுந்தெழுந்த விசுவாசிகளோடு ஐக்கியமாக இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தது. சாகக்கிடக்கிற யாருக்கும் கடைசித் திருவிருந்தை மறுக்கக்கூடாது என்றும் விதித்தது. உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பயந்து மறுதலித்தவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டியிருந்தது. எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! நம் சபையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று நாம் படுகிற சங்கடம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கண்டிப்பையும் இரக்கத்தையும் எதிரெதிராக வைப்பதே தவறு என்றும் சொல்ல வேண்டும். கத்தோலிக்க மரபில் சரீரத்துக்கு ஏழு, ஆத்துமாவுக்கு ஏழு என்று பதினான்கு இரக்கச் செயல்களைச் சொல்வார்கள். பசித்தவருக்கு உணவிடுவது, சிறையிலிருப்பவரைப் பார்ப்பது போன்ற அந்த வரிசையிலேயே, தவறு செய்கிறவரைக் கண்டித்துத் திருத்துவதும் ஓர் இரக்கச் செயலாக இருக்கிறது. பசித்தவரின் பக்கத்தில் போகாமல் அவருக்குச் சோறு போட முடியாது. அதே போலத்தான் இதுவும். கலாத்தியர் 6-இல் பவுல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்று கண்டிக்கிறவரையும் சேர்த்தே கண்டிக்கிறார்.

வியாதிக்காரர் வீட்டில் நடப்பதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, ஒன்று மட்டும். படுக்கையில் இருக்கிறவரிடம் "மனசைச் சோதிச்சுப் பாருங்க, ஏதாவது மறைஞ்ச பாவம் இருக்கும்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து அவர் பாவத்தைத் தேடத் தொடங்கிய பிறகு நடந்ததற்குக் கர்த்தருடைய கோபம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று கேட்ட சீஷருக்கு இயேசு இரண்டும் இல்லை என்றே சொன்னார்.

இனி அந்தப் பாடகர் குழு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் சகோதரர் சொல்வதில் ஒரு பாதி சரி என்றே நினைக்கிறேன். குடித்துவிட்டுக் குடும்பத்தைச் சீரழித்தவர் என்றால் அங்கே ஒரு மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். இரக்கம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம். அவர்களுக்கு இப்போது பயமில்லாமல் தூங்க முடிகிறதா, வீட்டுச் செலவுக்குப் பணம் வருகிறதா என்று சபை கேட்டிருக்க வேண்டும். அடிபட்ட மனைவியிடம் "மன்னிச்சு ஏத்துக்கோம்மா, வேதம் அப்படித்தான் சொல்லுது" என்று சொல்லி, அடித்தவரோடு அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பதை இரக்கம் என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மன்னிப்பது வேறு, ஆபத்துக்குள் திரும்பப் போவது வேறு. அதே போல சபையில் இடம் கொடுப்பது வேறு, பொறுப்பு கொடுப்பது வேறு. திருந்தி வந்தவருக்கு உட்கார இடம் அன்றைக்கே கிடைக்க வேண்டும். முன்னால் நின்று நடத்துகிற பொறுப்புக்குக் காலம் எடுத்துக்கொள்ளலாம், அவருக்குமே அதுதான் நல்லது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, அந்த மனிதரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரிந்து சபையில் ஒருவரை அநேகர் சேர்ந்து தண்டித்தார்கள், அது போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் இரண்டாம் நிருபத்தில் எழுதுகிறார். முதல் நிருபத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்ட அதே ஆள்தான் இவர் என்று பலர் எண்ணுகிறார்கள். யாராக இருந்தாலும், தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு என்பதைப் பவுல் தெளிவாகச் சொல்லிவிட்டார். குடியை விட்டுவிட்டு வருகிறவரின் முதல் மாதங்கள் எப்படிப்பட்டவை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பு ஒரு பக்கம் கேட்கும், வெட்கம் ஒரு பக்கம் தின்னும், பழைய கூட்டாளிகள் மட்டும் அவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சபையில் யாரும் முகம் கொடுக்கவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

இன்னொரு ஜெபக்கூட்டத்தில் நடந்ததை எழுதலாம் என்று தோன்றுகிறது. இதே போல ஒருவர் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தபோது, வயதான ஓர் அம்மா, "இதுக்காக ஜெபிக்கச் சொல்லி அந்தப் பிள்ளை உங்ககிட்ட கேட்டுச்சா?" என்றார். கோபமே இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "இல்ல, நானாத்தான் பாரப்பட்டு..." "அப்ப நீங்க வீட்டுல தனியா ஜெபிங்க. நான் நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்துட்டு வர்றேன்." பேச்சு அதோடு நின்றது. அடுத்த பாட்டைப் பாடினார்கள். அந்த அம்மா சொன்னபடியே போனார். அங்கே என்ன பேசினார் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. சபை ஒழுக்கத்தை இவ்வளவு சரியாக நடத்திய மூப்பரை நான் பார்த்ததில்லை, அவருக்குச் சபையில் ஒரு பதவியும் கிடையாது.

கடிதம் எழுதிய சகோதரரே, உங்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பாடகரின் பெயரை நீங்கள் எழுதாதது நல்லது. ஆனால் அவரிடம் நீங்கள் நேரில் பேசினீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பேசவில்லை என்றால், கமிட்டியிடம் போவதற்கு முன்பு, இன்னொரு கடிதம் எழுதுவதற்கும் முன்பு, ஒரு சாயங்காலம் தனியாக அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவர் மனைவியிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்குச் சபையில் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தே சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்